கொழுந்து பறிக்கிற கையும் டி2 ரிசெப்டரும்

என்கூட ஊட்டில பார்மசி படிச்சவன் ஒருத்தன் இப்போ ஹைதராபாத்ல ஒரு கம்பெனில மருந்து மூலக்கூறு டிசைன் பண்றான், நான் கோத்தகிரில மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கேன். லீவுக்கு குடும்பத்தோட மேல வந்தா கடைல ஸ்டூலப் போட்டு உக்காந்துக்குவான், சாயங்காலம் ஷட்டர் இறக்குற வரைக்கும் பேச்சு ஓடும். அப்படி ஒரு தடவ பேசும்போது சொன்னான், "மூளைக்கு நாம இத்தன வருஷமா குடுத்ததெல்லாம் குப்ப மாத்திரைடா, ஒண்ணு போயி பத்து ரிசெப்டர்ல ஒட்டுது, இனிமே ஒரு மாத்திரைக்கு ஒரு ரிசெப்டர்தான், சைடு எஃபெக்டே இருக்காது பாரு". ரிசெப்டர்னா செல்லு மேல மருந்து போய் ஒட்டுற எடம். கேக்க நல்லாதான் இருந்துச்சு. காலேஜ்ல எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததும் ஏறக்குறைய அதான். ஆனா எனக்கு மனசு ஒப்பல, ஏன் ஒப்பலன்னு அந்த நேரத்துல எடுத்துச் சொல்லவும் வரல, ஏன்னா அவன் பேசப் பேச எனக்குள்ள ஓடிட்டு இருந்தது எங்க பெரியம்மாவோட கை.

பெரியம்மா குடும்பம் 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் சிலோன்ல இருந்து கப்பல்ல வந்தவங்க. அங்கயும் தேயிலை, இங்கயும் தேயிலை. கல்யாணமாகி ரெண்டு புள்ளைங்க பொறந்த பிறகு அவங்களுக்கு காதுல குரல் கேக்க ஆரம்பிச்சுது, யாரோ தன்னப் பத்திப் பேசுறாங்கன்னு ராத்திரில கதவத் தொறந்து வெளிய போயிடுவாங்க. தாயத்து, மந்திரிச்ச தண்ணி, கோயில் கோயிலா போனது, அந்தக் கதையெல்லாம் உங்க எல்லார் வீட்டுப் பக்கமும் இருக்கும், விட்டுர்றேன். கடைசில ஆஸ்பத்திரிக்குப் போனாங்க, ஹாலோபெரிடால் ஆரம்பிச்சாங்க, சில வாரத்துல குரல் அடங்கிருச்சு. வீட்ல எல்லாருக்கும் பெரிய நிம்மதி. பெரியம்மாவுக்கு மட்டும் இல்ல. "குரல் போயிருச்சு சாமி, கையும் கூடவே போயிருச்சு"ன்னு சொல்லுவாங்க. மத்தவங்க கூடை நிறையிற நேரத்துல இவங்களுக்கு பாதி நிறையல. எடை போடுற எடத்துல மேஸ்திரி ஒரு மாதிரி பாக்குறாருன்னு வருவாங்க, அத டாக்டர்கிட்ட சொன்னா "மாத்திரைய நிறுத்திராதீங்க"ன்னு ஒரே பதில்.

அப்புறம் புதுசா ஒரு டாக்டர் வந்தார், சின்ன வயசு, மதுரப் பக்கம். அவர் கைய நீட்டச் சொல்லல. "கொழுந்து எப்படிம்மா பறிப்பீங்க, செஞ்சு காட்டுங்க"ன்னார். பெரியம்மா நாற்காலி நுனில உக்காந்துகிட்டு, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வெச்சு காத்துல ரெண்டு இலை ஒரு மொட்டு கிள்ளிக் காட்டுனாங்க. முதல்ல ரெண்டு மூணு கிள்ளு நல்லா விரிஞ்சு வந்துச்சு. அதுக்கப்புறம் விரலு ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற எடைவெளி கொஞ்சங் கொஞ்சமா கொறைஞ்சு, கடைசில விரல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு சும்மா அதிருது, அவ்ளோதான். டாக்டர் மணிக்கட்டப் பிடிச்சு மெதுவா மடக்கிப் பாத்தார். வழுக்கிட்டு வரவேண்டிய கை, நின்னு நின்னு, படி படியா மடங்குச்சு. பார்க்கின்சன் நோயாளிகிட்ட பாக்குறதா நான் புக்ல படிச்ச அதே கை. பெரியம்மாவுக்கு பார்க்கின்சன் கிடையாது, மாத்திரை பண்ண வேலை அது.

இப்போ நண்பன் சொன்னதுக்கு வருவோம். ஹாலோபெரிடால் ஒண்ணும் பத்து எடத்துல போய் ஒட்டுற மருந்து இல்ல, 1958ல பெல்ஜியத்துல பால் ஜான்சன் குழு கண்டுபிடிச்சது, பழைய மருந்துங்களோட வெச்சுப் பாத்தா டி2ன்னு, டோபமின்ங்கிற மூளை ரசாயனம் ஒட்டுற ரிசெப்டர்ல நல்லா குறி வெச்சு ஒட்டுற மருந்து. பிரச்சனையே அங்கதான். குரல் கேக்குறதுக்குப் பின்னாடி இருக்கிற டோபமின் பாதைலயும் டி2, கை கால் அசைவ நடத்துற பாதைலயும் அதே டி2, பிட்யூட்டரி சுரப்பில, பால் சுரக்க வெக்கிற புரோலாக்டின்ங்கிற ஹார்மோன கட்டுப்படுத்தி வெக்கிறதும் அதே டி2. டொரன்டோல ஷிதிஜ் கபூர் குழு 2000 வாக்குல ஸ்கேன் வெச்சு அளந்து காட்டுனாங்க, டி2 ரிசெப்டர்ல சுமார் 65 சதவீதம் அடைபட்டா நோய் அடங்க ஆரம்பிக்குது, 80 சதவீதத்த நெருங்குனா கை இறுகுது. அந்த ரெண்டு நம்பருக்கு நடுவுல இருக்கிற சின்ன சந்துலதான் பெரியம்மா மாதிரி ஆளுங்க பொழப்ப ஓட்டணும். நாளைக்கே நீ டி2வத் தவிர வேற எதையுமே தொடாத சுத்தமான மாத்திரை ஒண்ணு செஞ்சாலும் இந்தக் கை இப்படித்தான் மடங்கும். அப்போ "ஒரு மாத்திரை ஒரு ரிசெப்டர்"ங்கிறது எத காப்பாத்துச்சு?

மலை ஏறுற மாத்திரை

எங்க கடைல எது ஓடுதோ இல்லையோ அவோமின் ஓடும். மேட்டுப்பாளையத்துல இருந்து வளைவு வளைவா ஏறி வந்து மூஞ்சி வெளிறிப்போய் எறங்குறவங்க, திரும்பிப் போறதுக்கு ஒரு மாத்திரை குடுங்கன்னு நிப்பாங்க. அதுக்குள்ள இருக்கிறது புரோமெதசின், அலர்ஜிக்காக 1940கள்ல பிரான்ஸ்ல ரோன்-பூலாங் கம்பெனி செஞ்ச மருந்து. அது ஆளத் தூங்க வெக்குது, ஒரு மாதிரி அமைதியாக்குதுன்னு ஆபரேஷன் நேரத்துல கவனிச்சவர் ஆன்ரி லபோரின்னு ஒரு சர்ஜன். அந்த "வேண்டாத" விளைவ இன்னும் கூட்டிப் பாக்கலாம்னு கிளம்பி, அதே கம்பெனில 1950 டிசம்பர்ல பால் ஷார்பென்தியே செஞ்சதுதான் குளோர்புரோமசின். 1952ல பாரிஸ்ல மனநல வார்டுக்குள்ள போச்சு, மனநோய் மருத்துவமே தலைகீழா மாறிருச்சு. ஆக நீங்க மலை பஸ்ல போட்டுட்டு தூங்குற மாத்திரை உலகத்தோட முதல் மனநோய் மாத்திரைக்கு மூத்த உறவுக்காரன். சைடு எஃபெக்டத் தேடிப் போய்தான் இந்தத் துறையே பொறந்துச்சு, இத நான் அவன்கிட்ட சொன்னப்போ "அது தற்செயல்டா, டிசைன் இல்ல"ன்னான். சரி, தற்செயல்னே வெச்சுப்போம்.

டிசைனாவே பாப்போம். குளோசபைன்னு ஒரு மருந்து, ஹிஸ்டமின், செரடோனின், டோபமின், மஸ்கரினிக்னு எல்லா எடத்துலயும் போய் ஒட்டும், அதவிட "குப்ப" மருந்து தேடினாலும் கிடைக்காது. 1975ல பின்லாந்துல இதப் போட்டவங்களுக்கு வெள்ளையணு சரிஞ்சு சில பேர் இறந்துபோனாங்க, பல நாடுகள்ல ஓரங்கட்டிட்டாங்க. ஆனா 1988ல அமெரிக்காவுல ஜான் கேன் குழு, வேற எந்த மருந்துக்கும் மசியாத 268 பேர்கிட்ட சோதிச்சுப் பாத்தா, குளோர்புரோமசின்ல 4 சதவீதம் பேருக்குக் கேட்டுச்சு, குளோசபைன்ல 30 சதவீதம் பேருக்கு. இன்னைக்கு வரைக்கும் கடைசியா போய் நிக்கிறது அதுகிட்டதான். ரத்தம் எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டே குடுக்குறாங்க. இதோட சூட்சுமம் எதுல இருக்குன்னு தேடினவங்க, டி4ங்கிற இன்னொரு டோபமின் ரிசெப்டர்ல நல்லா ஒட்டுதே, அதான் காரணமா இருக்கும்னு டி4ல மட்டும் ஒட்டுற மருந்து ஒண்ண மெர்க் கம்பெனில செஞ்சாங்க. செலக்டிவ்னா அப்படி ஒரு செலக்டிவ். 1997ல ரிசல்ட் வந்துச்சு, ஒரு பிரயோஜனமும் இல்ல. மூலக்கூறு சரியா, துல்லியமா, தப்பான எடத்தத் தட்டியிருக்கு.

என்னோட சந்தேகம் இங்கதான் ஒரு வடிவத்துக்கு வந்துச்சு. எந்த ரிசெப்டர்னு கேக்குற அளவுக்கு, எந்த எடத்துல இருக்கிற ரிசெப்டர்னு நாம கேக்கலையோ? கடைல தினம் கைல எடுத்துக் குடுக்குறதுலயே இது இருக்கு. சளிக்கு அவில் போட்டா தோட்டத்துலயே தூக்கம் சொக்கும், ஃபெக்ஸோஃபெனடின் போட்டா சொக்காது. ரெண்டும் அடைக்கிறது எச்1ங்கிற அதே ஹிஸ்டமின் ரிசெப்டரத்தான். பின்னத மூளைக்குள்ள விடாம ரத்தக்குழாய் சுவர்லயே திருப்பி அனுப்பிருது, வித்தியாசம் அவ்ளோதான். வாந்திக்குக் குடுக்குற மெட்டோகுளோப்ரமைடும் டோம்பெரிடோனும் ரெண்டுமே டி2 அடைக்கிறதுதான், ஆனா முன்னது சில புள்ளைங்களுக்கு கழுத்தத் திருகி இழுத்துவிடும், பின்னது அந்தச் சேட்டைய ரொம்ப அபூர்வமாத்தான் பண்ணும், அது மூளைக்குள்ள பெருசா போறதில்ல. இதே விஷயம் எதிராவும் அடிக்கும். அமிசல்பிரைடு பெரும்பாலும் டி2, டி3ங்கிற டோபமின் ரிசெப்டர்கள்ல ஒட்டுற நல்ல செலக்டிவ் மருந்து, ஆனா மூளைக்குள்ள சுலபமா நுழையாது, பிட்யூட்டரியோ அந்த ரத்தக்குழாய் சுவர்த் தடுப்புக்கு வெளிய உக்காந்திருக்கு, அதனால புரோலாக்டின் தாறுமாறா ஏறும், மாதவிடாய் நின்னுபோய் பொண்ணுங்க பயந்துக்கிட்டு வருவாங்க.

லைன் வீட்டுப் பின்பக்கம்

பெரியம்மா கை நடுக்கத்துக்கு பேசிடேன் எழுதிக் குடுத்தாங்க. ட்ரைஹெக்சிஃபெனிடில். அது மஸ்கரினிக், அதாவது அசிடைல்கோலின்ங்கிற ரசாயனம் ஒட்டுற ரிசெப்டர அடைச்சு நடுக்கத்தக் கொறைக்கும், கொறைச்சுது. கூடவே வாய் காஞ்சு போச்சு, நாலு நாளானாலும் வெளிக்கு வராது, அடுப்புல என்ன வெச்சோம்னு மறந்துரும். ஒரு சைடு எஃபெக்ட சரி பண்ண இன்னொரு மாத்திரை, அதுக்கு ஒரு சைடு எஃபெக்ட், அதுக்கு மலமிளக்கி. என் கடையே பாதி இந்தச் சங்கிலில ஓடுது, பொய் சொல்லக் கூடாது.

மஸ்கரினிக்ல அஞ்சு வகை, எம்1ல இருந்து எம்5 வரை. அசிடைல்கோலின் வந்து உக்கார்ற குழி அஞ்சுலயும் கிட்டத்தட்ட அச்சு அசல் ஒண்ணா இருக்கும். எஸ்டேட் லைன் வீடு பாத்திருக்கீங்கல்ல, வெள்ளக்காரன் காலத்துல கட்டினது, முன்பக்கம் வரிசையா ஒரே கதவு, ஒரே திண்ணை, நம்பர் இல்லன்னா யார் வீடுன்னே தெரியாது. ஆனா பின்பக்கம் போனா ஒரு வீட்ல தகரம் போட்டு சமையலறைய நீட்டியிருப்பாங்க, இன்னொண்ணுல கோழிக்கூண்டு, இன்னொண்ணுல தண்ணித் தொட்டி. ரிசெப்டரும் அப்படித்தான், குழி ஒண்ணு, மத்த பக்கங்கள் வேற வேற. அதனால முன்வாசல்ல போகாம பின்பக்கமா போய் ஒட்டுற மருந்து செஞ்சா எம்4 மட்டும், எம்1 மட்டும்னு பிரிச்சுத் தொடலாம், அலோஸ்டெரிக்னு சொல்றது அதத்தான். நண்பன் பாக்குற வேலையும் இந்த வகை.

எதுக்கு மஸ்கரினிக் பக்கம் போகணும்னா, அதுக்குப் பதில் எங்க ஊர் வேலியிலயே தொங்குது. நீலகிரி பூராவும் ஓடை ஓரத்துல, பங்களா வேலில தலைகீழா தொங்குற பெரிய வெள்ளப் பூ, ஊமத்தைக்கு நெருங்கின செடி. அதுல இருக்கிற ஸ்கோபாலமின் அஞ்சு மஸ்கரினிக்கையும் ஒண்ணா அடைக்கும், வாய் காயும், கண்ணு பாவை விரியும், இல்லாத ஆளுங்ககூட மனுஷன் பேசிக்கிட்டு இருப்பான். ஊமத்தங்காய அரைச்சுக் குடுத்து புத்தியக் கலைச்சுட்டாங்கன்னு நம்ம பாட்டிங்க சொல்ற கதை சும்மா இல்ல. அடைச்சா புத்தி கலங்குதுன்னா, தட்டி எழுப்புனா தெளியுமான்னு கேக்குறது நியாயமான கேள்விதானே.

1990கள்ல எலி லில்லி கம்பெனி நோவோ நார்டிஸ்க்கோட சேர்ந்து சனோமெலின்னு ஒரு மருந்த அல்சைமருக்காகச் செஞ்சு வெச்சிருந்தாங்க. அஞ்சு மஸ்கரினிக்லயும் ஒட்டும், ஆனா எம்1, எம்4 ரெண்டையும் கூடுதலா எழுப்பும். 1997ல வெளியான 343 பேர் சோதனைல ஞாபக சக்திக்கு கொஞ்சம் பலன், யாரும் பெருசா எதிர்பாக்காத விதமா பிரமையும் சந்தேகமும் நல்லா கொறைஞ்சிருந்துச்சு. ஆனா வயித்துல இருக்கிற மஸ்கரினிக்கையும் சேர்த்து எழுப்பிவிட்டதுல குமட்டல், வாந்தி, வேர்வை, எச்சில். நிறைய பேரு பாதிலயே ஓடிட்டாங்க, மருந்து அலமாரிக்குப் போயிருச்சு. அப்புறம் 2008ல 20 பேர வெச்சு ஸ்கிசோஃப்ரீனியாவுக்கு, அதாவது குரல் கேக்குற, பிரமை வர்ற மனநோய்க்கு, ஒரு சின்ன சோதனை நடந்துச்சு, நம்பிக்கையாதான் இருந்துச்சு, ஆனா வயிறு விடலயே.

ட்ரோஸ்பியம்

அடுத்து நடந்ததப் படிச்ச ராத்திரி நான் தூங்கல. 2024 செப்டம்பர் 26, அமெரிக்காவுல எஃப்டிஏ கோபென்ஃபிங்கிற மாத்திரைக்கு அனுமதி குடுத்தாங்க, டோபமின நேரா தொடாத முதல் ஸ்கிசோஃப்ரீனியா மருந்துன்னு செய்தி. உள்ள என்ன புது மூலக்கூறுன்னு பாத்தா, ஒண்ணும் இல்லங்க. பழைய சனோமெலினேதான். அதுல ஒரு அணுவக்கூட மாத்தல. பக்கத்துல ட்ரோஸ்பியம் சேர்த்திருக்காங்க, அடிக்கடி ஒண்ணுக்கு வர்றவங்களுக்கு மூத்திரப்பை அடங்கறதுக்காக பல வருஷமா குடுத்துட்டு இருக்கிற சாதா மாத்திரை. அது எல்லா மஸ்கரினிக்கையும் அடைக்கும், செலக்டிவிட்டி சுத்தமா பூஜ்யம். ஆனா அதோட நைட்ரஜன் அணுல எப்பவும் மாறாத ஒரு பாசிட்டிவ் சார்ஜ் இருக்கு, அந்தச் சார்ஜ வெச்சுக்கிட்டு மூளை வாசல்ல இருக்கிற கொழுப்புச் சுவரத் தாண்ட முடியாது. அப்போ என்ன ஆகுது, சனோமெலின் உள்ள வெளிய எல்லா எடத்துலயும் தட்டுது, ட்ரோஸ்பியம் வெளிய மட்டும் அடைக்குது, மிச்சம் நிக்கிறது மூளை. குறி தவறுற ரெண்டு மருந்தச் சேர்த்து குறி தவறாத ஒரு மருந்து செஞ்சிருக்காங்க. இந்த யோசனைய எடுத்து ஓட்டுனது கருணா தெரப்யூட்டிக்ஸ்னு ஒரு சின்ன கம்பெனி, பேரப் பாத்து நானும் நம்ம ஆளுங்களோன்னு நெனச்சேன், அமெரிக்கா போஸ்டன்காரங்க. 2021ல வெளியான 182 பேர் சோதனைல அஞ்சு வாரத்துல நோய் மதிப்பெண் 17.4 கொறைஞ்சுது, மருந்தே இல்லாத சும்மா மாத்திரை போட்டவங்களுக்கு 5.9. அந்தக் கம்பெனிய பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் 14 பில்லியன் டாலர் குடுத்து வாங்கிட்டாங்க.

பார்க்கின்சனுக்கு லெவோடோபாவோட கார்பிடோபா சேர்த்துக் குடுக்குறமே, 1970கள்ல இருந்து நடக்குது, கார்பிடோபா மூளைக்குள்ள போகாம வெளிய மட்டும் நின்னு காவல் காக்கும். அதே புத்திதான் இது. என் கடைல மூணாவது அலமாரில, அந்த ரெண்டும் சேர்ந்த சிண்டோபா மாத்திரைக்குள்ளயே இந்த யோசனை இத்தன வருஷமா தூசி படிஞ்சு கெடந்திருக்கு.

அதே வருஷம் நவம்பர்ல இன்னொரு ரிசல்ட் வந்துச்சு. எம்ராக்ளிடின். நண்பன் சொன்ன கனவு மருந்து அதான், பின்பக்கமா போய் எம்4 மட்டும் தொடுறது, வயித்துல இருக்கிற சொந்தக்காரங்கள எழுப்பாம, ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை, வாந்தி கெடையாது. ஆப்வி கம்பெனி முக்கியமா இத நம்பி செரவெல்ங்கிற கம்பெனிய 8.7 பில்லியன் டாலருக்கு வாங்கியிருந்தாங்க. ரெண்டு சோதனை, ரெண்டுலயும் சும்மா மாத்திரைய ஜெயிக்கல. ராத்திரி பத்து மணிக்கு அவனுக்கு போன் போட்டேன், குத்திக் காட்டத்தான் போட்டேன்னு வெச்சுக்கங்களேன். அவன் விட்டுக் குடுக்கல. "சும்மா மாத்திரை போட்ட குரூப்லயே நெறைய பேர் நல்லாயிட்டாங்கடா, அத வெச்சு எம்4 செத்துருச்சுன்னு எப்படிச் சொல்லுவ, அதுவும் உன் கோபென்ஃபிய வேற மருந்தோட சேர்த்துக் குடுத்த சோதனை என்னாகுதுன்னும் பாப்போம்"னான். அவன் வாய் முகூர்த்தம், 2025 ஏப்ரல்ல அந்தச் சோதனை தேறல. ஏற்கனவே போடுற மாத்திரை மேல கூடுதலா குடுத்ததுல போதுமான வித்தியாசம் தெரியல. ஆக ரெண்டு பேருக்கும் ஒரு ஒரு அடி. ஆனாலும் என் கட்சிய நான் மாத்திக்கல. எம்1ஐயும் சேர்த்துத் தொட்டதாலதான் சனோமெலின் வேலை செஞ்சுதோ என்னவோ, அத இனிமேதான் பிரிச்சுப் பாக்கணும், ஆனா மனுஷன் தாங்குற மருந்தா அத மாத்துனது ரிசெப்டரப் பிரிச்ச வித்தை இல்ல, எடத்தப் பிரிச்ச வித்தை.

பெரியம்மா கதை இடையில என்ன ஆச்சுன்னா, அந்த மதுர டாக்டர் ஹாலோபெரிடால மெதுவா எறக்கி ஓலன்சபைனுக்கு மாத்தினார். கை வந்துருச்சு, நெசமாவே வந்துருச்சு, பேசிடேனும் நின்னுருச்சு. ஆனா ஓலன்சபைன் எச்1லயும் செரடோனின் 2சிலயும் ஒட்டும், பசி எடுத்துச்சு பாருங்க, ராத்திரி எந்திரிச்சு பழைய சோத்துப் பானையத் தேடுவாங்க. எடை ஏறுச்சு, சுகர் வந்துச்சு, சரிவுல ஏற மூச்சு வாங்குது. அதுக்கும் இதுக்கும் எது தேவலன்னு ஒரு நாள் கேட்டேன். "சுகரு எனக்கு வலிக்கல சாமி, கூடை நிறையலன்னாதான் வலிக்கும்"னாங்க. மெடிக்கல் ஷாப்காரனா எனக்கு இந்தப் பதில் புடிக்கல, சுகர் என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும். ஆனா எந்தச் சோதனைத் தாள்லயும் இந்தக் கணக்க எழுதறதுக்கு ஒரு கட்டம் கெடையாது. நோய அளக்குற பான்ஸ் அளவுகோல்ல 30 கேள்வி, இறுக்கத்த அளக்க சிம்ப்சன்-ஆங்கஸ்னு 1970ல வந்த ஒரு அளவுகோல், எல்லாம் டாக்டர் போடுற மார்க்.

போன சீசன்ல அவன் வந்திருந்தப்போ இத மறுபடி பேசுனோம். கோபென்ஃபி இங்க கெடச்சாலும் பெரியம்மாவுக்கு ஆகாதுடான்னேன். விலைய விடு, 2024ல வந்தப்போ அமெரிக்காவுல மாசத்துக்கு சுமார் 1,850 டாலர், அது தனிக் கோவம், வேற கட்டுரையா எழுதுறேன். அத ஒரு நாளைக்கு ரெண்டு வேளை வெறும் வயித்துல போடணும், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, இல்லன்னா ரெண்டு மணி நேரம் கழிச்சு. பெரியம்மா விடிகாலைல சாயாவும் ரொட்டியும் தின்னுட்டு காட்டுக்குப் போறவங்க, நடுவுல எப்போ சோத்து டப்பாவத் தொறப்பாங்கன்னு மேஸ்திரி விசிலுக்குத்தான் தெரியும், சாயங்காலம் எடை போட்டு வீடு வந்து சேர்ற நேரமும் அவங்க கைல இல்ல. "இதையெல்லாமா டிசைன்ல சேக்க முடியும்"னு அவன் சிரிச்சான். சேக்கணும்டா, மூலக்கூறு வரையறதுக்கு முன்னாடியே சேக்கணும்னேன். சிரிப்ப நிறுத்திட்டு, வெறும் வயித்துல போடச் சொல்றதுக்குக் காரணமே ட்ரோஸ்பியம்தான், சாப்பாட்டோட போட்டா உடம்புல ஏறாதுன்னான், அப்போ ட்ரோஸ்பியத்துக்கு பதிலா வேற எது வெளியவே நின்னு காவல் காக்கும்னு பில் புக் பின்னாடி ரெண்டு பேரும் ஒவ்வொரு பேரா எழுத ஆரம்பிச்சோம். கடை சாத்துற வரைக்கும் எழுதியும் ஒண்ணுகூட அவனுக்குத் திருப்தியா வரல.